வளைவை ஒட்டி வரி ஓட: ஷேப்-அவுட்சைடு உண்மையில் செய்வது என்ன?

வலைப்பக்கத்தில் எல்லாமே பெட்டிதான். வட்டமான முகப்படம் ஒன்றைப் பத்திக்கு இடப்பக்கம் வைத்து, பார்டர்-ரேடியஸ் கொடுத்து மூலைகளை உருட்டிவிடுங்கள். கண்ணுக்கு அது வட்டம். பக்கத்தில் ஓடும் எழுத்துக்கு மட்டும் அது இன்னமும் சதுரம். நான்கு மூலைகளிலும் காலியிடம் கிடந்தாலும், அங்கே ஓர் எழுத்துகூட எட்டிப்பார்க்காது.

அச்சுப் பக்கம் வடிவமைப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். குவார்க் எக்ஸ்பிரஸிலும் இன்டிசைனிலும் படத்தின் வெளிக்கோட்டை ஒட்டி எழுத்தை ஓடவிடுவது அன்றாட வேலை. அச்சுக்கோக்கும் டெக் மென்பொருளில் பார்ஷேப் என்று ஒரு கட்டளை உண்டு. ஒவ்வொரு வரியும் எவ்வளவு உள்தள்ளித் தொடங்க வேண்டும், எவ்வளவு நீளம் போக வேண்டும் என்று வரிவரியாக எண்களைக் கொடுத்துவிட்டால் பத்தி எந்த வடிவத்திலும் வந்து நிற்கும். அந்த பார்ஷேப்பைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வலைப்பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் இன்று இந்த வேலையைச் செய்யும் ஷேப்-அவுட்சைடு என்ற பண்பு, கிட்டத்தட்ட அதுவேதான். பெயரைப் பார்த்தால் வடிவத்தைச் சுற்றி எழுத்தை ஓட்டுவதுபோல் தோன்றும். பிரவுசர் உள்ளே செய்வதோ மிகச் சின்ன வேலை: இந்த வரி எங்கே தொடங்க வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. இதைப் பிடித்துக்கொண்டால் அந்தப் பண்பு நம்மைக் குழப்பும் இடங்களில் முக்கால்வாசி தானாகத் தெளிந்துவிடும்.

ஃப்ளோட் பிறந்ததே இதற்காகத்தான்

படத்தை ஓரமாக ஒதுக்கி எழுத்தைப் பக்கத்தில் ஓடவிடும் வழக்கம் 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசரோடு பரவியது. படத்தைப் பக்கத்தில் சேர்க்கும் ஹெச்டிஎம்எல் குறியான டேகிலேயே அலைன் என்று இடமோ வலமோ எழுதிவிட்டால் போதும். 1996 டிசம்பரில் வந்த சிஎஸ்எஸ் முதல் பதிப்பு அதையே ஃப்ளோட் என்ற பண்பாக எடுத்துக்கொண்டு, படத்துக்கு மட்டுமில்லாமல் எந்தப் பெட்டிக்கும் பொருந்தும்படி ஆக்கியது. அப்புறம் நடந்த கதை தெரிந்ததே. பக்கத்தின் முழு அமைப்பையும், பக்கப்பட்டை முதல் அடிக்குறிப்பு வரை, ஃப்ளோட்டை வைத்தே கட்டினார்கள். பக்க அமைப்புக்கென்றே உருவான ஃப்ளெக்ஸ்பாக்ஸும் கிரிட்டும் வந்து அந்தச் சுமையை இறக்கிவைத்த பிறகுதான் ஃப்ளோட் தன் சொந்த வேலைக்குத் திரும்பியது.

சதுரத்தை மீற வேண்டும் என்ற ஆசை மட்டும் ஆரம்பத்திலிருந்தே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் சிஎஸ்எஸ் எழுத்தாளர் எரிக் மேயர் போன்றவர்கள் ஒரு தந்திரத்தைச் செய்துகாட்டினார்கள். படத்தைக் கிடைமட்டமாகக் கீற்றுக் கீற்றாக வெட்டுவது. ஒவ்வொரு கீற்றையும் தனித்தனி ஃப்ளோட்டாக, ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது. பத்து பிக்சல் உயரம், ஒவ்வொன்றுக்கும் வேறுவேறு அகலம். படம் வளையும் இடத்தில் கீற்று குறுகும், எழுத்து உள்ளே வரும். வெட்ட மனமில்லாதவர்கள் படத்தைப் பின்னணியில் வைத்துவிட்டு, அதன் மேல் காலியான பெட்டிகளை அடுக்கினார்கள். மணல் மூட்டைகளை வரிசையாகப் போட்டுக் கரை கட்டுவதுபோல இருந்ததால் அந்தக் காலி அடுக்குக்கு மணல் மூட்டை என்றே பெயர் விழுந்தது. பார்க்க அழகு, பராமரிக்க நரகம். படத்தை மாற்றினால் எல்லா அகலத்தையும் மறுபடி அளக்க வேண்டும். ஹெச்டிஎம்எல் முழுக்க அர்த்தமில்லாத காலி டேகுகள்.

ஆனால் அந்தத் தந்திரம் ஒரு விஷயத்தைச் சரியாகப் பிடித்திருந்தது. எழுத்துக்கு முழு வடிவமும் தேவையில்லை. ஒவ்வொரு உயரத்திலும் அந்த வடிவம் எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது தெரிந்தால் போதும்.

பெரிய திட்டம், சின்ன மிச்சம்

2010களின் தொடக்கத்தில் அடோபி நிறுவனம் பத்திரிகைப் பக்க வடிவமைப்பை வலைக்குக் கொண்டுவரப் பெரிய அளவில் முயன்றது. பெட்டியிலிருந்து பெட்டிக்கு எழுத்து வழிந்தோடும் ரீஜன்ஸ் ஒரு பக்கம். பக்கத்தின் நடுவில் எங்கே ஒரு பொருளை வைத்தாலும் எழுத்து இரு பக்கமும் விலகி ஓடும் எக்ஸ்குளூஷன்ஸ் இன்னொரு பக்கம். மைக்ரோசாஃப்ட்டுக்கும் இதில் அக்கறை இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 10-இல் எக்ஸ்குளூஷன்ஸின் ஒரு வடிவம், சோதனை நிலையில் இருப்பதைக் காட்டும் முன்னொட்டோடு வேலையும் செய்தது. வடிவங்கள் பற்றிய பகுதி முதலில் எக்ஸ்குளூஷன்ஸ் ஆவணத்துக்குள்ளேயேதான் இருந்தது. பிறகுதான் தனியாகப் பிரித்தார்கள்.

பிரித்ததுதான் அதைக் காப்பாற்றியது என்பது என் கணிப்பு. ரீஜன்ஸுக்கு எதிர்ப்பு வலுத்தது. சிஎஸ்எஸ்ஸை முதலில் முன்மொழிந்த ஹோக்கன் வியம் லீ 2014-இல் அதை வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். அதே ஆண்டு குரோமில் பக்கத்தை வரைந்து காட்டும் பிளிங்க் எஞ்சினிலிருந்து அதை அகற்றினார்கள். எக்ஸ்குளூஷன்ஸ் மற்ற பிரவுசர்களுக்கு வரவே இல்லை. தனியாகப் பிரிந்த வடிவங்கள் ஆவணமான ஷேப்ஸ் முதல் நிலை மட்டும் 2014 மார்ச்சில் பரிந்துரை வேட்பாளர் நிலையை, அதாவது இறுதித் தரமாவதற்கு முந்தைய கட்டத்தை, எட்டியது. அந்த ஆண்டே குரோம் 37-இல் வந்தது, சஃபாரியில் முன்னொட்டோடு வந்தது. ஃபயர்ஃபாக்ஸ் 62-இல் வர 2018 செப்டம்பர் ஆகிவிட்டது. எட்ஜ் 2020 ஜனவரியில் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறியதும் அங்கேயும் கிடைத்தது.

ஏன் ஒன்று பிழைத்தது, மற்றது பிழைக்கவில்லை? எக்ஸ்குளூஷன்ஸில் ஒரு சுழல் இருக்கிறது. நடுவில் வைத்த பொருளின் இடம் தெரிந்தால்தான் எழுத்தை அடுக்க முடியும். அந்தப் பொருளின் இடமோ பல நேரங்களில் எழுத்து எவ்வளவு நீளம் போகிறது என்பதைப் பொறுத்தது. எழுத்தை அடுக்கினால் பொருள் நகர்கிறது, பொருள் நகர்ந்தால் எழுத்தை மறுபடி அடுக்க வேண்டும். ஷேப்-அவுட்சைடில் இந்தத் தொல்லையே கிடையாது. அது ஃப்ளோட் ஆன பெட்டிக்கு மட்டும்தான் செல்லும். ஃப்ளோட்டின் இடத்தைப் பிரவுசர் ஏற்கெனவே முடிவு செய்துவிடுகிறது. ஃப்ளோட்டை ஒட்டி வரியைச் சுருக்குவதும் அது முதலிலிருந்தே செய்துவரும் வேலை. புதிதாகச் சேர்ந்தது, எல்லா வரிக்கும் ஒரே அளவு சுருக்காமல் வரிக்கு வரி வேறு அளவு சுருக்குவது மட்டுமே.

ஒரு வட்டத்தை வரிவரியாகப் பார்ப்போம்

200 பிக்சல் அகலமும் உயரமும் கொண்ட ஒரு படம், இடப்பக்கம் ஃப்ளோட். ஷேப்-அவுட்சைடுக்கு மதிப்பாக சர்க்கிள் என்று கொடுத்துவிட்டோம். ஆரம் 100 பிக்சல். பத்தியின் லைன்-ஹைட், அதாவது ஒரு வரி எடுத்துக்கொள்ளும் உயரம், 24 பிக்சல், முதல் வரி படத்தின் உச்சியோடு சேர்ந்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வரி 0-விலிருந்து 24 வரையிலான பட்டையில் உட்காருகிறது. அந்தப் பட்டைக்குள் வட்டம் அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கும் இடம் பட்டையின் அடிவிளிம்பு. மையத்திலிருந்து அது 76 பிக்சல் மேலே. பிதாகரஸ் கணக்குப் போட்டால் பாதி அகலம் சுமார் 65. ஆக முதல் வரி 165-ஆவது பிக்சலில் தொடங்கும். இரண்டாம் வரி 185, மூன்றாவது 196, நான்காவதும் ஐந்தாவதும் 200. பிறகு மெல்லப் பின்வாங்கும்: 198, 190, 173. ஒன்பதாம் வரியின் பட்டை 192-லிருந்து 216 வரை. படம் 200-இலேயே முடிந்தாலும் வட்டத்தின் அடிப்பகுதி அந்தப் பட்டைக்குள் எட்டு பிக்சல் நுழைந்திருக்கிறது. அதனால் ஒன்பதாம் வரி 139-இல் தொடங்கும். பத்தாம் வரி முழு அகலம்.

இந்த எண்களை உற்றுப் பாருங்கள். வட்டம் மேலும் கீழும் ஒன்றுபோல் இருக்கிறது. வரிகள் அப்படி இல்லை. மேலே 165-இல் தொடங்கியது, கீழே 139-இல் முடிகிறது. வரி எழுத்தின் உயரத்தை வைத்து விலகுவதில்லை, தன் பட்டை முழுவதையும் வைத்து விலகுகிறது. லைன்-ஹைட்டை 32 ஆக்கினால் முதல் வரியே 173-க்குத் தள்ளிப்போய்விடும். வரி உயரம் கூடக்கூட வளைவு படிக்கட்டாகத் தெரியும். தமிழுக்கு மேற்குறியும் கீழ்க்குறியும் மோதாமல் இருக்க லைன்-ஹைட்டைத் தாராளமாகவே வைக்கிறோம் என்பதால், சின்னப் படத்தைச் சுற்றி வளைவு எதிர்பார்த்த அளவு மென்மையாக வராது. படம் பெரிதாக, எழுத்து சிறிதாக இருந்தால்தான் வளைவு வளைவாகத் தெரியும்.

ஒரு வரிக்கு ஒரே எண் என்பதிலிருந்து வேறு சிலதும் வருகின்றன. நடுவில் ஓட்டையுள்ள வளையத்தை வடிவமாகக் கொடுத்தால் ஓட்டைக்குள் எழுத்து போகாது. இடப்பக்க ஃப்ளோட்டின் வலப்பக்க விளிம்பு மட்டுமே கணக்கில் வரும். இடப்பக்கம் எவ்வளவு நெளிந்திருந்தாலும் பயனில்லை. ஆனால் வலப்பக்கம் திறந்த பள்ளம் இருந்தால் எழுத்து உள்ளே நுழையும். மரத்தின் படம் வைத்தால் கிளைகளின் கீழே, தண்டை ஒட்டி வரிகள் வந்து நிற்கும். நன்றாக வரக்கூடிய வடிவங்களில் அது ஒன்று.

வடிவத்தை எப்படிச் சொல்வது

சர்க்கிள் (வட்டம்), எலிப்ஸ் (நீள்வட்டம்), இன்செட் (ஓரங்களிலிருந்து உள்தள்ளிய செவ்வகம்) மூன்றும் எளிது. மூலை உருட்டிய பெட்டி ஏற்கெனவே இருந்தால் இவைகூட வேண்டாம். பார்டர்-பாக்ஸ் என்ற ஒற்றைச் சொல்லை மதிப்பாகக் கொடுத்தால் பார்டர்-ரேடியஸின் வளைவையே எழுத்து பின்பற்றும். உண்மையான வேலைக்காரன் பாலிகன். புள்ளிகளை வரிசையாகச் சொன்னால் எந்தக் கோணல்மாணலான உருவமும் கிடைக்கும். கையால் எண் போட வேண்டியதில்லை. ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே வரும் சோதனைக் கருவியான டெவ்டூல்ஸில் வடிவத்தைத் திரையிலேயே இழுத்துத் திருத்தும் கருவி இருக்கிறது. புள்ளிகளைக் குவிக்கவும் வேண்டாம். பட்டைக்கு ஒரு எண்தான் எடுக்கப்படுகிறது என்று பார்த்தோமே, ஒரே வரிப் பட்டைக்குள் பத்துப் புள்ளி போட்டு நுணுக்கம் காட்டினால் அதைப் பார்க்க ஆளே இல்லை.

படத்தையே வடிவமாகக் கொடுப்பது இன்னொரு வழி. பின்னணி நீக்கிய பிஎன்ஜி அல்லது வெப்பி படத்தின் முகவரியைக் கொடுத்தால், பிரவுசர் ஒவ்வொரு பிக்சலின் ஒளிபுகாத் தன்மையைப் பார்த்து விளிம்பைத் தானே கண்டுபிடிக்கும். ஜேபெக்கில் ஒளிபுகும் பகுதியே கிடையாது, அதனால் அது சதுரமாகத்தான் நிற்கும். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு: கோப்பை நேரடியாக இரண்டு சொடுக்கில் திறந்து சோதித்தால் வேலை செய்யாது. பக்கத்தின் ஸ்கிரிப்டும் ஸ்டைலும் வேறு தளத்துப் படத்தின் உள்ளடக்கத்தை வேவு பார்த்துவிடக் கூடாது என்பதற்காக, வடிவத்துக்கான படம் கார்ஸ் விதிக்கு, அதாவது வேறு தளத்துக் கோப்பைப் படிக்க அந்தத் தளத்தின் அனுமதி வேண்டும் என்ற விதிக்கு, உட்பட்டது. கணினியில் கிடக்கும் கோப்பு அந்தச் சோதனையில் தேறாது. நம் கணினியிலேயே லோக்கல் சர்வர் ஒன்றை ஓடவிட்டு அதன் வழியாகத் திறந்தால் அதே நிரல் ஒழுங்காக ஓடும். படங்களைத் தனி சிடிஎன்னில் (கோப்புகளை மட்டும் வழங்கும் வேறு சர்வரில்) வைத்திருப்பவர்களுக்கும் இதே தலைவலிதான், அங்கே அனுமதியைச் சொல்லும் சரியான ஹெடர் அனுப்பியாக வேண்டும். எது தவறினாலும் பிரவுசர் பக்கத்தில் எந்தச் சத்தமும் போடாமல் சதுரத்துக்குத் திரும்பிவிடும். டெவ்டூல்ஸில் பிழைச் செய்திகள் விழும் கன்சோலைத் திறந்து பார்த்தால்தான் காரணம் தெரியும்.

ஷேப்-இமேஜ்-த்ரெஷோல்டு இந்த இடத்தில் கைகொடுக்கும். எந்த அளவுக்கு மேல் ஒளிபுகாத பிக்சலை வடிவத்தில் சேர்ப்பது என்ற வரம்பு அது. இயல்பு மதிப்பு 0, அதாவது துளி நிறம் இருந்தாலும் சேர்த்துவிடும். பின்னணியை நீக்கும்போது விடுபட்ட, கண்ணுக்கே தெரியாத மங்கலான புள்ளி ஒன்று ஓரத்தில் கிடந்தால்கூட, அந்த உயரத்தில் வரும் ஒரே ஒரு வரி மட்டும் காரணமில்லாமல் வெளியே குதித்து நிற்கும். வரம்பை 0.5 என்று உயர்த்திப் பாருங்கள். பெரும்பாலும் அந்தக் குதிப்பு மறைந்துவிடும். மென்மையான நிழல் போட்ட படங்களுக்கும் இதே மருந்துதான்.

எரிச்சலூட்டும் இரண்டு இடங்கள்

எழுத்து படத்தை இடித்துக்கொண்டு நிற்கக் கூடாதே என்று ஷேப்-மார்ஜின் கொடுப்போம், 20 பிக்சல். மேலும் கீழும் அழகாக இடைவெளி விழும். நடுவில், வட்டத்தின் தொப்பை இருக்கும் இடத்தில், எழுத்து படத்தை ஒட்டிக்கொண்டே இருக்கும். பிழை போலத் தோன்றும், ஆனால் விதியே அப்படித்தான். எந்த வடிவமும் ஃப்ளோட்டின் மார்ஜின் பெட்டியை (பெட்டியும் அதன் வெளி இடைவெளியான மார்ஜினும் சேர்ந்தது) தாண்டி வெளியே போக முடியாது. தாண்டிய பகுதியை வெட்டிவிடுவார்கள். ஷேப்-அவுட்சைடால் ஃப்ளோட் பிடித்திருக்கும் இடத்தைக் குறைக்க மட்டுமே முடியும், கூட்ட முடியாது. நம் படத்துக்கு மார்ஜின் இல்லை, ஆகவே எல்லை 200-இலேயே நிற்கிறது.

சரி, வலப்பக்கம் 20 பிக்சல் மார்ஜினும் சேர்ப்போம். இப்போது இரண்டாவது சிக்கல் தலைகாட்டும். வடிவத்தை அளக்க இயல்பாக எடுத்துக்கொள்ளும் பெட்டி மார்ஜின் பெட்டி. அதன் அகலம் இப்போது 220. சர்க்கிளின் மையம் அந்தப் பெட்டியின் நடுவுக்கு, அதாவது 110-க்கு நகர்ந்துவிட்டது. படம் ஒரு பக்கம், வடிவம் பத்து பிக்சல் தள்ளி இன்னொரு பக்கம். படத்தையே வெட்டிக்காட்ட கிளிப்-பாத் என்ற பண்பையும் பயன்படுத்தியிருந்தால் குழப்பம் இரட்டிப்பாகும், ஏனென்றால் கிளிப்-பாத் இயல்பாக அளப்பது மார்ஜின் சேராத பார்டர் பெட்டியை வைத்து. இரண்டுக்கும் ஒரே பாலிகன் எண்களைக் கொடுத்தும் ஏன் பொருந்தவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். வடிவத்தை எழுதியதும் பக்கத்திலேயே பார்டர்-பாக்ஸ் என்ற சொல்லைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது. இரண்டும் ஒரே பெட்டியை வைத்து அளக்கும். மார்ஜின் வெறும் இடைவெளிக்கு வழிவிடும் வேலையை மட்டும் பார்க்கும்.

கிளிப்-பாத் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடலாம். ஷேப்-அவுட்சைடு படத்தின் தோற்றத்தைத் தொடுவதே இல்லை. வெள்ளைப் பின்னணி கொண்ட ஜேபெக்குக்கு வட்டம் கொடுத்தால் எழுத்து உள்ளே வரும், வெள்ளை மூலை அப்படியே எழுத்தின் பின்னால் தெரியும். பக்கத்தில் இன்னொரு ஃப்ளோட் இருந்தால் அதுவும் இந்த வடிவத்தைச் சட்டை செய்யாது. பழையபடி மார்ஜின் பெட்டியை ஒட்டித்தான் நிற்கும்.

உள்ளே நிரப்புவது, நடுவில் வைப்பது

வடிவத்துக்குள் எழுத்தை நிரப்ப ஷேப்-இன்சைடு என்ற பண்பும் முதலில் திட்டத்தில் இருந்தது. அதை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டார்கள். ஆனாலும் கையில் இருப்பதை வைத்தே அதைச் செய்யலாம். பத்தியின் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பாதிப் பாதி அகலத்தில் இரண்டு காலி ஃப்ளோட்களை வையுங்கள். இடப்பக்கத்தின் வலவிளிம்பை உள்நோக்கிக் குழியாகவும், வலப்பக்கத்தின் இடவிளிம்பை அதற்கு எதிராகவும் பாலிகனால் செதுக்கினால், நடுவில் மிஞ்சும் இடம் வட்டமாகவோ வைரமாகவோ இருக்கும். எழுத்து அங்கே நிரம்பும். பழைய மணல் மூட்டைதான், இந்த முறை இரண்டே மூட்டை. உயரத்தை நாமே நிலையாகக் கொடுக்க வேண்டும் என்பதால் எழுத்து கூடினால் வடிவத்துக்கு வெளியே வழியும். மேற்கோள் வாசகம் போன்ற சின்னத் துண்டுகளுக்குப் பரவாயில்லை, கட்டுரைக்கு ஆகாது.

பத்தியின் நட்டநடுவில் படம், இருபுறமும் எழுத்து என்பது இன்றைக்கும் கிடையாது. எனக்கு அதில் பெரிய வருத்தமில்லை. ஒரு வரி பாதியில் அறுந்து படத்தைத் தாண்டி அந்தப் பக்கம் தொடர்ந்தால், கண் ஒவ்வொரு வரிக்கும் இரண்டு முறை இடம் தேட வேண்டும். பத்திரிகைகளில்கூட அப்படி வரும்போது இரண்டு பத்தி நெடுவரிசைகளுக்கு நடுவே வைத்து, ஒவ்வொன்றையும் ஒரு பக்கம் மட்டும் குடைவார்கள். இடப்பக்க ஃப்ளோட்டிலும் இதே நியாயத்தின் ஒரு சின்னப் பங்கு இருக்கிறது. வாசிக்கும் கண் ஒவ்வொரு முறையும் இடவிளிம்புக்குத் திரும்புகிறது. அந்த விளிம்பே நெளிந்தால் வரிக்கு வரி தேட வேண்டியிருக்கும். வளைந்த படத்தை வலப்பக்கம் வைத்தால் வரிகள் முடியும் இடம்தான் நெளியும், தொடக்கம் நேராக நிற்கும். நீண்ட வாசிப்புக்கு அதுதான் நல்லது.

தமிழில் வலப்பக்கம் வைப்பதற்கும் ஒரு விலை உண்டு. ஒட்டுச் சொற்களால் நம் சொற்கள் நீளமானவை. மிச்சமிருக்கும் குறுகிய இடத்தில் அடுத்த சொல் கொள்ளாவிட்டால் அது கீழே இறங்கிவிடும், வடிவத்தின் விளிம்புக்கும் எழுத்துக்கும் நடுவில் பெரிய வெற்றிடம் விழும். வளைவு வளைவாகவே தெரியாது. வரியின் இரு ஓரங்களையும் நிரப்பும்படி ஜஸ்டிஃபை செய்தால் விளிம்பு ஒட்டும், ஆனால் சொற்களுக்கு இடையே ஆறு ஓடும். நீண்ட சொல்லை வரி முடிவில் தானே உடைக்கும் ஹைஃபன்ஸ் ஆட்டோ கைகொடுக்கக்கூடும். அதற்குப் பக்கத்தின் மொழி தமிழ் என்று லேங் பண்பில் குறித்திருக்க வேண்டும், அந்தப் பிரவுசரிடம் அந்த மொழிக்கான சொல்வெட்டு விதிகளும் இருக்க வேண்டும். இதையெல்லாம் பார்த்தால், வடிவத்துக்கு வெளியே குறைந்தது நாலைந்து சொல் கொள்ளும் அகலமாவது மிஞ்சுகிறதா என்று பார்ப்பதே முதல் சோதனை.

கைபேசித் திரையில் அந்த அகலம் மிஞ்சாது. அங்கே ஃப்ளோட்டையே எடுத்துவிட்டுப் படத்தை முழு அகலத்துக்கு விடுவதுதான் முறை. ஆகவே பெரிய திரைக்கான மீடியா குவெரிக்குள் (திரை அளவைப் பார்த்துச் செயல்படும் சிஎஸ்எஸ் பகுதிக்குள்) மட்டும் ஃப்ளோட்டையும் ஷேப்-அவுட்சைடையும் எழுதுங்கள். ஃப்ளோட் போனால் ஷேப்-அவுட்சைடு தானாகச் செயலிழக்கும், அதைத் தனியாக நீக்க வேண்டியதில்லை. கிரிட் அல்லது ஃப்ளெக்ஸின் நேரடிப் பிள்ளையாகப் படத்தை வைத்தாலும் இதே கதைதான்: அங்கே ஃப்ளோட் செல்லாது, அதனால் வடிவமும் செல்லாது. எல்லா எண்களும் சரியாக இருந்தும் எழுத்து அசைய மறுத்தால், படத்தின் பெற்றோர்ப் பெட்டிக்கு என்ன டிஸ்ப்ளே கொடுத்திருக்கிறது என்று பாருங்கள்.